மனதுக்காக யோகா: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

யோகா பழக நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "குனிந்தால் கை முழங்காலைத் தாண்டவில்லை, எனக்கெல்லாம் இது வருமா?" உடம்பு வளைய வேண்டும் என்பதற்காக வருகிறவர் இதைக் கேட்டால் அதில் நியாயம் உண்டு. தூக்கம் பிடிக்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது என்று வருகிறவருக்கு இந்தக் கவலை தேவையில்லை. கால் விரலைத் தொடுகிறவருக்கு நிம்மதி கூடுதலாகவும் முழங்காலோடு நின்றுவிடுகிறவருக்குக் குறைவாகவும் கிடைப்பதில்லை. மனதைப் பொறுத்தவரை யோகாவில் வேலை செய்பவை முக்கியமாக இரண்டு: மெதுவாக நீளும் வெளிமூச்சு, உடம்பில் நடப்பதை விலகாமல் கவனிப்பது. ஆசனங்கள் இந்த இரண்டையும் பழகுவதற்கான வழி. சமூக ஊடகத்தில் பாறை முனையில் ஒற்றைக்காலில் நிற்கிறவர்களின் படங்களைப் பார்த்துவிட்டுத் தயங்கி நிற்பவர்கள் அந்தப் படங்களை மறந்துவிடலாம்.

இந்தக் கட்டுரை ஆறு வாரத்துக்கான ஒரு தொடக்க முறையைச் சொல்கிறது. அதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பயிற்சியில் எது முக்கியம், எது அலங்காரம் என்று நீங்களே பிரித்துப் பார்க்க முடியும்.

மூச்சு ஏன் மனதைத் தொடுகிறது

இதயத் துடிப்பு, செரிமானம், வியர்வை இவையெல்லாம் நம் விருப்பத்தைக் கேட்காமல் தானியங்கி நரம்பு மண்டலத்தின் பொறுப்பில் நடப்பவை. அதில் இரண்டு பிரிவுகள். ஆபத்து என்றதும் உடம்பை ஓடவோ எதிர்க்கவோ தயார்படுத்துவது பரிவு நரம்பு மண்டலம். ஆபத்து நீங்கியபின் துடிப்பைக் குறைத்து, செரிமானத்தை மீட்டு, ஓய்வுக்குக் கொண்டுவருவது துணைப்பரிவு நரம்பு மண்டலம். அலுவலக மின்னஞ்சலும் வீட்டுக் கடன் நினைப்பும் புலி துரத்துவதற்குச் சமமாக முதல் பிரிவைத் தட்டி எழுப்பிவிடுகின்றன என்பதுதான் இன்றைய சிக்கல்.

இந்த மண்டலம் கவனிக்கும் வேலைகளில் நாம் எளிதாக நேரடியாகத் தலையிடக் கூடியது மூச்சு. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்து விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது நிதானமாகும். எல்லாருக்கும் இது தெளிவாகத் தெரியாது, ஆனால் ஆரோக்கியமான இதயங்களில் நடப்பது இதுதான். வெளிமூச்சின்போது மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தை அடக்கி ஓட்டுகிறது. ஆகவே வெளிமூச்சை நீட்டினால் அமைதிக்கான பிரிவுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது.

ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். இத்தாலிய ஆய்வாளர் லூச்சியானோ பெர்னார்டி தலைமையிலான குழு 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வு சுவாரசியமானது. கத்தோலிக்க ஜெபமாலையை லத்தீனில் சொல்ல வைத்தார்கள், யோக மந்திரம் ஒன்றையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது. இதயத் துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கமும் கூடியது. அந்த 6 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், முதல் வாரப் பயிற்சி அதிலிருந்துதான் வருகிறது.

பழைய ஆசிரியர்கள் நரம்பின் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் கவனித்திருக்கிறார்கள். மனம் சிதறும்போது கூடவே வருபவை என்று யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி நான்கைச் சொல்கிறார்: துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீரற்ற மூச்சு. அதற்குச் சற்றுப் பின்னால், வெளிமூச்சை விட்டு நிறுத்துவதை மனத் தெளிவுக்கான வழிகளில் ஒன்றாகவும் வைக்கிறார். திருமூலர் பிராணாயாமத்துக்குக் கணக்கே கொடுத்திருக்கிறார்: 16 மாத்திரை (கண்ணிமைக்கும் நேரத்தை ஒன்றாக எண்ணும் பழைய அளவு) உள்ளிழுத்தல், 64 மாத்திரை உள்நிறுத்தல், 32 மாத்திரை வெளிவிடுதல். வெளிமூச்சு உள்மூச்சைப் போல் இரண்டு மடங்கு என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 64 மாத்திரை மூச்சடக்கும் வேலை புதியவர்களுக்கு உரியது அல்ல. யாராவது வீடியோவில் செய்து காட்டினாலும் முயல வேண்டாம்.

கவனத்தின் பங்கு வேறு மாதிரியானது. கவலைப்படும் மனம் ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்ப அரைக்கிறது. "அரைக்காதே" என்று அதற்குக் கட்டளையிட்டுப் பயனில்லை. கவனத்துக்குப் போய் உட்கார வேறோர் இடம் கொடுத்தால்தான் அது நகரும். பாதம் தரையில் அழுந்துவது, விலா எலும்பு விரிவது, தொடை நடுங்குவது என்று உடம்பு அந்த இடத்தைக் கொடுக்கிறது. இன்னொரு பலனும் உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. நின்றநிலை ஆசனம் ஒன்றில் தொடை எரியும்போதும் மூச்சைச் சீராக வைத்துக்கொண்டால், அசௌகரியம் எல்லாமே அவசரநிலை அல்ல என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. கூட்டத்தில் முகம் சிவக்கும்போதும், எதிரில் இருப்பவர் குரல் உயர்த்தும்போதும் அந்தப் பாடம் கைகொடுக்கும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

"யோகா செய்தால் எல்லா மனநோயும் தீரும்" என்கிறவர்களையும் நம்ப வேண்டாம், "எல்லாம் மனப்பிரமை" என்கிறவர்களையும் நம்ப வேண்டாம். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஒரு குழு 12 வாரம் யோகாவும் மற்றொரு குழு அதே அளவு நேரம் நடைப்பயிற்சியும் செய்தன. மனநிலை மேம்பாட்டிலும் பதற்றம் குறைந்ததிலும் யோகா குழு முன்னால் நின்றது. மூளையைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளையும் அவர்கள் அளந்தார்கள். யோகா குழுவில் அது கூடியதும் மனநிலை மேம்பட்டதும் ஒன்றோடொன்று சேர்ந்துவந்தன. 2014இல் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழு, கொடிய அனுபவங்களின் பாதிப்பிலிருந்து மற்ற சிகிச்சைகளால் மீள முடியாத பெண்களுக்கு 10 வாரம் யோகா கற்பித்தது. முடிவில் யோகா குழுவில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு நோய்க்கான வரையறை பொருந்தவில்லை. ஒப்பீட்டுக் குழுவில் அப்படி மீண்டவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான்.

என் கணக்கில் எல்லாவற்றையும்விட நேர்மையான பதில் தருவது, நாள்பட்ட பதற்ற நோய் உள்ள 226 பேரை வைத்து நடந்து 2021இல் அச்சான ஆய்வு. 12 வாரத்தில் தேறியவர்கள், வெறுமனே மன அழுத்தம் பற்றிய பாடம் கேட்டவர்களில் 33 சதவீதம், குண்டலினி யோகா பழகியவர்களில் சுமார் 54 சதவீதம், அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) பெற்றவர்களில் சுமார் 71 சதவீதம். யோகா உதவுகிறது, பயிற்சி பெற்ற மனநல நிபுணரின் சிகிச்சை அதைவிட அதிகமாக உதவுகிறது. இரண்டும் சேரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அதனால் ஒரு கண்டிப்பான விதி: மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யோகாவால் தேறிவிட்டதாகத் தோன்றினாலும் தாமாக நிறுத்தக் கூடாது. இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு, வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளையும் மூச்சடக்கலையும் அவர்கள் தவிர்ப்பது நல்லது. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களைத் தொடவே வேண்டாம். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர், ஆசிரியர் இருவரின் யோசனையோடு செய்யுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்துபோகிறதென்றால் பாய் விரிக்கும் நேரம் அதுவல்ல, அன்றே ஒரு மருத்துவரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ பேசுங்கள்.

முதல் படி: எதற்காக என்று ஒரு வரி எழுதுங்கள்

"மன அமைதி வேண்டும்" என்று எழுதினால் அது வந்ததா இல்லையா என்று பிறகு தெரியாது. "படுத்து அரை மணிக்குள் தூங்க வேண்டும்", "குழந்தையிடம் கத்துவது குறைய வேண்டும்", "ஞாயிறு மாலையில் வயிற்றைப் பிசையும் அந்தப் பயம் தணிய வேண்டும்" என்பதுபோல் தொட்டுப் பார்க்கக் கூடிய ஒன்றாக இருக்கட்டும். ஒன்று போதும்.

இரண்டாம் படி: நேரமும் இடமும்

தினம் 15 நிமிடம். வாரத்துக்கு ஒருநாள் ஒன்றரை மணி நேரம் செய்வதைவிட இது மனதுக்கு அதிகம் உதவும் என்பது என் துணிபு. ஏனென்றால் நாம் பழக்குவது தசையை அல்ல, பதற்றத்திலிருந்து திரும்பி வரும் வழியை. அந்த வழியில் அடிக்கடி நடக்க வேண்டும்.

காலை, மாலை எதுவும் சரி. தூக்கம்தான் பிரச்சினை என்றால் இரவு படுப்பதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு ஒட்டவைத்தால் நிலைக்கும்: பல் துலக்கியதும், அல்லது வேலை முடிந்து உடை மாற்றியதும். வழுக்காத பாய், தளர்வான உடை, அணைத்து வைத்த கைபேசி. மற்றபடி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: முதல் வாரம், மூச்சு மட்டும்

இந்த வாரம் ஆசனம் கிடையாது. பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும், இருந்தாலும் தாண்டிப் போகாதீர்கள்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு கை வயிற்றின்மேல், ஒரு கை நெஞ்சின்மேல். முதல் இரண்டு நிமிடம் எதையும் மாற்றாமல் எந்தக் கை அதிகம் எழும்புகிறது என்று மட்டும் பாருங்கள். பதற்றமாக இருக்கும் பலருக்கு நெஞ்சிலிருக்கும் கைதான் எழும்பும். பிறகு மூக்கு வழியாக நிதானமாக இழுங்கள், வயிற்றுக் கை எழட்டும். மூக்கு வழியாகவே விடுங்கள், கை தாழட்டும். வயிற்றை வலிந்து புடைக்க வைக்க வேண்டாம்.

இரண்டு மூன்று நாளில் இது பழகியதும் எண்ணத் தொடங்குங்கள். 4 எண்ணும் வரை இழுப்பது, 6 எண்ணும் வரை விடுவது. ஓர் எண்ணுக்கு ஒரு நொடி என்றால் ஒரு மூச்சுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. முட்டுகிறது என்றால் 3-க்கு 4 என்று குறையுங்கள். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம், எண் அல்ல.

இங்கே அநேகமாக எல்லாரும் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. மெதுவான மூச்சு என்றதும் நிறைய காற்றை இழுக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். பெருமூச்சாக இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்கிவிடும். தலை சுற்றும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் சுருசுருவென்று இருக்கும். ஏற்கெனவே படபடப்பு உள்ளவர் அதை "எனக்கு என்னவோ ஆகிறது" என்று எடுத்துக்கொண்டு மேலும் பயப்படுவார். மூச்சு மெதுவாகவும் சிறியதாகவும் இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவுக்கு. தலை சுற்றினால் எண்ணுவதை விட்டுவிட்டு வழக்கமான மூச்சுக்குத் திரும்புங்கள், சற்று நேரத்தில் சரியாகிவிடும்.

சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கிளப்பும். திடீர்ப் பீதி வந்து பழக்கப்பட்டவர்களிடம் இது சகஜம், உங்களிடம் குறை எதுவும் இல்லை. அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சுக்குப் பதிலாகப் பாதங்கள் தரையைத் தொடும் உணர்வைக் கவனிக்கலாம். அல்லது முதல் வாரத்தைத் தாண்டி நேராக அசைவுகளுக்குப் போய்விடலாம்.

நான்காம் படி: இரண்டாம், மூன்றாம் வாரம், அசைவோடு மூச்சு

ஐந்து நிமிடம் மூச்சு, பிறகு கீழே உள்ளவை. பொதுவிதி ஒன்றுதான்: உடம்பு விரியும்போது மூச்சு உள்ளே, மடங்கும்போது மூச்சு வெளியே. அசைவு மூச்சைவிட முந்தக் கூடாது. மூச்சு திணறினாலோ தன்னால் நின்றாலோ நீங்கள் அளவு மீறிப் போகிறீர்கள் என்று பொருள்.

நின்றபடி தொடங்குங்கள். தாடாசனத்தில் பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, எடை குதிகாலிலா விரல்களிலா என்று கவனியுங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே இரு கைகளையும் பக்கவாட்டில் உயர்த்தி, விட்டுக்கொண்டே இறக்குங்கள். ஆறு முறை. பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும் இந்த அசைவில்தான் மூச்சையும் உடம்பையும் சேர்த்து ஓட்டும் பழக்கம் பிடிபடும்.

அடுத்தது பூனை நிலை, மார்ஜாரி ஆசனம். கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, இழுக்கும்போது நெஞ்சை முன்னால் திறந்து, விடும்போது முதுகை மேலே வளைத்துத் தலையைத் தொங்கவிடுங்கள். நாள் முழுவதும் திரைக்கு முன் உட்கார்ந்தவர்களுக்குத் தோளிலும் கழுத்திலும் தேங்கிய இறுக்கம் இதில் நன்றாகத் தளரும். எட்டுப் பத்து முறை செய்துவிட்டு, அப்படியே இடுப்பைப் பின்னால் கொண்டுபோய்க் குதிகால்மேல் வைத்து, நெற்றியைத் தரையிலோ தலையணையிலோ சாய்த்தால் சிசு ஆசனம். பத்து மூச்சு அங்கேயே இருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்த்து, நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் கைகளை மடித்து நெற்றியைச் சாய்த்துக்கொள்ளலாம்.

விருட்சாசனம் மனம் அலைபாயும் நாளுக்கு நல்லது. ஒரு காலில் நின்று, மற்றொரு பாதத்தைக் கெண்டைக்காலிலோ உள்தொடையிலோ பதித்து, முழங்கால் மூட்டின்மேல் மட்டும் படாமல் பார்த்துக்கொண்டு, அசையாத ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்துங்கள். எண்ணம் வேறெங்கோ போன மறுகணம் உடம்பு ஆடும். கவனம் சிதறியதை உடனுக்குடன் சொல்லும் ஆசனம் இதைப்போல் வேறில்லை. சுவரைப் பிடித்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

புஜங்காசனம் (குப்புறப் படுத்து நெஞ்சை மேலே தூக்குவது), சேது பந்தாசனம் (மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, இடுப்பைத் தூக்குவது) இரண்டும் நெஞ்சைத் திறப்பவை. உற்சாகம் குன்றிய நாட்களில் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் மூன்று முறை, சிறிதாக.

ஐந்தாம் படி: சவாசனத்தை விட்டுவிடாதீர்கள்

வகுப்புகளில் கடைசி ஐந்து நிமிடம் வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்க்கலாம். அவசரம் புரிகிறது. ஆனால் மனதுக்காக யோகா செய்கிறவர் எதை வேண்டுமானாலும் விடலாம், இதை விடக் கூடாது. பரபரப்புக்குப் பின் தணிவது எப்படி என்பதை உடம்பு பழகும் நேரம் இதுதான்.

மல்லாந்து படுத்து, கால்களைச் சற்று அகட்டி, உள்ளங்கைகள் மேல்நோக்கி இருக்க, கைகளை உடம்பிலிருந்து விலக்கி வையுங்கள். இடுப்பு வலித்தால் முழங்கால்களுக்கு அடியில் தலையணை. உடம்பு சில நிமிடத்தில் குளிர்ந்துவிடும், ஒரு போர்வையை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை மேலே கொண்டுபோங்கள். "தளரு" என்று கட்டாயப்படுத்தாமல் அங்கே என்ன தெரிகிறது என்று பார்த்தால் போதும்: சூடு, அழுத்தம், துடிப்பு, ஒன்றுமில்லாமை. தாடையும் நாக்கும் கண்ணின் பின்புறமும் நாம் கவனிக்காமலே இறுக்கி வைத்திருக்கும் இடங்கள், அங்கே கூடுதலாக இரண்டு மூச்சு நில்லுங்கள். எழும்போது வலப்பக்கம் திரும்பி, சில மூச்சு அப்படியே இருந்து, கையை ஊன்றி உட்காருங்கள்.

தூங்கிவிட்டால்? முதல் வாரங்களில் தூங்கிவிடுவது தூக்கம் பாக்கி இருப்பதன் அடையாளம், தூங்குங்கள். மாதக் கணக்கில் தினமும் தூங்கினால் இரவுத் தூக்கத்தைக் கவனிக்க வேண்டும்.

சிலருக்கு இந்த நிலையில் காரணம் தெரியாமல் அழுகை வரும். நாளெல்லாம் கட்டுப்படுத்தியது கட்டு அவிழும்போது வெளியே வருகிறது. அழுதுவிட்டு எழலாம். ஆனால் பழைய கசப்பான நினைவுகள் காட்சி காட்சியாக வந்து அச்சுறுத்தினால், கண்ணைத் திறந்து, பக்கவாட்டில் சுருண்டு படுத்து, அறையில் இருக்கும் பொருட்களைப் பெயர் சொல்லி எண்ணுங்கள். மீண்டும் மீண்டும் நடந்தால் தனியாகத் தொடர வேண்டாம், மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

ஆறாம் படி: நான்காம் வாரத்திலிருந்து, நாடி சுத்தியும் பிரமரியும்

நாடி சுத்திக்கு நிமிர்ந்து உட்காருங்கள், நாற்காலியும் சரி. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்குங்கள். கட்டைவிரல் வலது நாசிக்கு, மோதிர விரல் இடது நாசிக்கு. வலதை மூடி இடதில் இழுத்து, இடதை மூடி வலதில் விடுங்கள். பிறகு வலதிலேயே இழுத்து இடதில் விடுங்கள். இது ஒரு சுற்று. ஐந்து சுற்று போதும், இடையில் மூச்சை நிறுத்த வேண்டாம். சளி அடைத்திருக்கும் நாளில் விட்டுவிடுங்கள்.

பிரமரி இன்னும் எளிது. மூக்கால் இழுத்து, உதடுகளை மூடியபடி வண்டு ரீங்கரிப்பதுபோல் "ம்ம்ம்" என்று விடுங்கள். ரீங்காரம் நீள வேண்டும் என்பதற்காகவே வெளிமூச்சு தன்னால் நீண்டுவிடும். எண்ணிக்கை பிடிக்காதவர்களுக்கும், தலைக்குள் பேச்சு ஓயாதவர்களுக்கும் இதை நான் முதலில் சொல்வேன். அந்த அதிர்வு முகத்திலும் மண்டையிலும் தெரியும்போது எண்ணங்களுக்கு இடம் குறைகிறது. ஐந்து ஆறு முறை. பக்கத்து அறையில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் வாரத்திலிருந்து இவற்றுக்குப் பின் மூன்று நிமிடம் சும்மா உட்காருங்கள். மூச்சு மூக்கு நுனியைத் தொட்டுப் போவதைக் கவனியுங்கள். பத்து நொடிக்குள் மனம் எங்கோ போயிருக்கும். போனது தெரிந்ததும் திரும்பி வாருங்கள், திட்டிக்கொள்ளாமல். மூன்று நிமிடத்தில் முப்பது முறை திரும்பி வந்தால் முப்பது முறை பயிற்சி செய்ததாகக் கணக்கு. எண்ணமே இல்லாத நிலைக்குக் காத்திருக்காதீர்கள்.

எந்த நாளுக்கு எது

ஒரே வரிசையை எல்லா நாளும் செய்ய வேண்டியதில்லை. பதற்றம் உச்சத்தில் இருக்கும் நாளில் உடனே படுத்துக் கண்மூடினால் பலருக்கு அது கூடும். முதலில் அந்த வேகத்தைச் செலவழியுங்கள்: நின்றநிலை ஆசனங்கள், பூனை நிலை, சூரிய நமஸ்காரம் தெரிந்தால் மூன்று நான்கு சுற்று. பிறகு மெதுவான மூச்சு.

மனம் கனத்துக் கிடக்கும் நாளில் நிலைமை வேறு. அன்று படுத்துச் செய்யும் பயிற்சி பழைய எண்ணங்களை அசைபோடும் இடமாகிவிடும். கண் திறந்தே, வெளிச்சமான இடத்தில், நெஞ்சைத் திறக்கும் அசைவுகளைச் செய்யுங்கள், முடிந்தால் இன்னொருவரோடு சேர்ந்து. முழுதாகச் செய்ய மனம் வராவிட்டால் கைகளை உயர்த்தி இறக்கும் ஆறு மூச்சு மட்டும்.

தூக்கம் வராத இரவுக்கு விபரீத கரணியின் எளிய வடிவம்: சுவரோரம் மல்லாந்து படுத்துக் கால்களைச் சுவரில் நீட்டி, ஐந்து முதல் பத்து நிமிடம். நடு இரவில் விழித்துக்கொண்டால் எழ வேண்டாம், படுத்தபடியே 4-க்கு 6 மூச்சு. "தூங்கியே ஆக வேண்டும்" என்று அதைச் செய்தால் பலிக்காது. மூச்சை எண்ணுவது மட்டுமே வேலை என்று இருந்துவிடுங்கள்.

மாற்றம் எங்கே தெரியும்

பயிற்சி முடிந்ததும் வரும் இதமான உணர்வு முதல் நாளிலேயே கிடைக்கலாம், அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் போயும்விடலாம். அதைக் கொண்டு அளக்காதீர்கள். மேலே சொன்ன ஆய்வுகள் 10, 12 வாரம் நடந்தவை, நீங்களும் ஏறக்குறைய அவ்வளவு காலம் கொடுங்கள். வாரம் ஒருமுறை, முதல் படியில் எழுதிய வரியின் கீழே இரண்டு வாக்கியம் எழுதுங்கள்: தூக்கம் எப்படி, எரிச்சல் எப்படி.

பெரும்பாலும் முதலில் வரும் மாற்றம் கோபம் குறைவது அல்ல, கோபம் வருவது முன்னதாகத் தெரிவது. தாடை இறுகுகிறது, மூச்சு மேலேறுகிறது, வார்த்தை வாய் வரை வந்துவிட்டது என்று தெரிகிறது. சில நேரம் தெரிந்தும் கத்திவிடுவீர்கள். இந்தக் கட்டத்தில் சிலர் "முன்பைவிட அதிகம் கோபப்படுகிறேன்" என்று நினைத்துப் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் முன்பு கவனிக்காத கோபங்களும் இப்போது கணக்கில் வருகின்றன, அவ்வளவுதான். தொடருங்கள். இன்னும் சில வாரத்தில், தெரிவதற்கும் கத்துவதற்கும் நடுவே ஒரு வெளிமூச்சுக்கு இடம் கிடைக்கும்.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டாம். ஒரு வாரமே விட்டுப்போனாலும் பாயில் படுத்து ஐந்து நிமிட மூச்சிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

ஆசிரியரைத் தேடும்போது

ஆறு வாரம் தனியாகச் செய்தபின் ஆசிரியரிடம் போவது நல்லது. நாம் முதுகைக் கூனுவதும் மூச்சை அடக்குவதும் நமக்கே தெரியாது. மனதுக்காகப் போகிறவர்கள் வேகமாகத் தாவும் வகுப்புகளையும் சூடேற்றிய அறை வகுப்புகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிதானமான ஹத யோக வகுப்பு தொடங்குவதற்கு ஏற்றது. சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். உங்கள் உடல்நலம், மருந்துகள் பற்றி ஆசிரியர் கேட்கிறாரா? வலித்தால் நிறுத்தச் சொல்கிறாரா, தாங்கச் சொல்கிறாரா? உடம்பைத் தொட்டுத் திருத்தும் முன் அனுமதி கேட்கிறாரா? கடைசியில் சவாசனத்துக்கு நேரம் ஒதுக்குகிறாரா? மருத்துவரைப் பார்க்க வேண்டாம், மாத்திரையை நிறுத்துங்கள் என்கிறவராக இருந்தால் கட்டிய கட்டணம் போனாலும் பரவாயில்லை, வேறு வகுப்பு தேடுங்கள்.